தம்பலப்பூச்சி கூடுதலாக வெட்டிய வாய்க்கால்

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் வாயில் மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இந்த வெற்றிலையோடு சேர்ந்து வெளியே விழட்டும். சூரியன் சாட்சி. சூரியனுக்கு வேலை இருந்தால் அதோ அந்த ஆட்டுக்கடா சாட்சி. இது ஏரித் தவளை தன் பேரனுக்குச் சொல்லி, பேரன் தன் பேரனுக்குச் சொல்லி, வழிவழியாக வந்த விஷயம். தவளைக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்கிறவன் யாராவது இப்படி ஊர் கூடுகிற மாதிரிக் கத்துவானா?

அந்தக் காலத்தில், பூச்சியும் புழுவும் வாய் திறந்து பேசிய காலத்தில், பிள்ளைகள் அரைகுறையாகத்தான் பிறந்தன. கை இருக்கும், கால் இருக்கும், அழுகைக்கும் குறைவிருக்காது. ஆனால் இரத்தம் மட்டும் நெஞ்சுக்குள் ஏரித் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடக்கும். அது ஓடுவதற்கு வாய்க்கால் இருக்காது. அதனால் பிறந்த பிள்ளை உரித்த வாழைத்தண்டு போல வெளுத்திருக்கும்.

வாய்க்கால் வெட்டுகிற வேலை தம்பலப்பூச்சிக்கு. மழை விட்டதும் செம்மண்ணில் வெல்வெட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டது போலச் சிவப்பாய் ஊர்ந்து போகுமே, அதே பூச்சிதான். அப்போது அதற்குச் சிவப்பு கிடையாது. அடுப்புச் சாம்பல் நிறம். கேழ்வரகு உமியில் செய்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, எட்டுக் காலும் மண்ணாக, பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும். ஈர மண்ணில்தான் அதனால் மேலே ஏறி வர முடியும். ஆகவே கார்காலத்துப் பிள்ளை கொடுத்துவைத்த பிள்ளை. கோடையில் பிறந்த பிள்ளை பாவம்.

இது நடந்த மேட்டுச் சீமையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஏரித் தண்ணீர் பாய்கிற நாளில் வயல்காரன் தன் வரப்பில் நிற்கக் கூடாது. நின்றால் சும்மா நிற்பானா? "அண்ணே, நம்ம வயலுக்கு இன்னும் கொஞ்சம்" என்பான். நீர்பாய்ச்சியும் மனுசன்தானே, முகத்தைப் பார்த்தால் மனசு இளகும். அப்புறம் இவன் வயலில் நாற்று அழுகும், கடைமடையில் பயிர் கருகும். அதே கட்டுப்பாடுதான் பிள்ளை பிறந்த வீட்டுக்கும். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, பெற்றவர்கள் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். பூச்சி "ஆச்சு" என்று குரல் கொடுக்கும் வரை திரும்பக் கூடாது.

அங்காயிக்கு ஐப்பசியில் பெண் பிறந்தது. முந்தின பிள்ளை சித்திரையில் பிறந்தது. மண் கல்லாய் இறுகிக் கிடந்த சித்திரை. பூச்சி மேலே வர முடியவில்லை. பிள்ளை உதடு வெளுத்தது வெளுத்தபடியே போய்ச் சேர்ந்தது. அந்த வெள்ளை உதடு அங்காயியின் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. தயிரைப் பார்த்தாலும் அதுதான், தும்பைப் பூவைப் பார்த்தாலும் அதுதான். இந்தத் தடவை மழை பெய்தது, பூச்சியும் வந்துவிட்டது. இருந்தும் அவள் காது மண்வெட்டிச் சத்தத்தையே எண்ணிக்கொண்டிருந்தது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருசன் சடையன்.

"கையைப் பிசையாதே. தோல் உரிஞ்சிடும்" என்றான்.

"சத்தம் நின்னுபோச்சே, மாமா. மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு."

"வெத்தலை போடுறாரோ என்னமோ."

"பூச்சி எங்கே வெத்தலை போடும்?"

"உனக்குத் தெரியுமா? நீதான் திரும்பியே பார்க்கலையே" என்று சிரித்துவிட்டு, ஆட்டுக்குட்டி கத்துகிறதென்று அவன் எழுந்து போனான்.

போனவன் போகாமல் இருந்திருக்கலாம். அங்காயி தனியாக இருந்தாள். மண் சுவரில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. கண் தானாக அங்கே போயிற்று.

உள்ளே பிள்ளையின் கால் விரல்கள் ரோசாப்பூ மொட்டாகச் சிவந்திருந்தன. கை விரல்களும் சிவந்துவிட்டன. வயிறு, முழங்கால் எல்லாவற்றிலும் உயிர் ஏறியிருந்தது. உதடு மட்டும் வெள்ளை. தும்பைப் பூ வெள்ளை.

"அண்ணே" என்றாள்.

உமி மண்வெட்டி நின்றது. "யாரு, அங்காயியா? சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னேனே, தாயி."

"சுவரைத்தான் பார்த்தேன். சுவத்துல ஓட்டை இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சு ஓட்டை. போ, போய் உட்காரு."

"உதட்டை மறந்துட்டீங்க."

"மறக்கலை. கடைமடை முதல்ல, தலைமடை கடைசி. உங்க ஏரியில அப்படித்தானே? கால் ஆச்சு, கை ஆச்சு. உதடு நெஞ்சு மதகுக்குப் பக்கத்துல கிடக்கு. அதுக்குக் கடைசியாத்தான் விடணும். முதல்ல விட்டா வேகம் தாங்காது."

"போன பிள்ளைக்கும் உதடு இப்படித்தான் இருந்துச்சு, அண்ணே."

பூச்சி மண்வெட்டியைக் கீழே ஊன்றியது. அந்தச் சித்திரையில் அது மண்ணுக்கடியில் முட்டிக்கொண்டு கிடந்தது. மேலே பிள்ளை அழுகை தேய்ந்து தேய்ந்து நின்றதை அது கேட்டது. அதன் மனசிலும் ஒரு முள் இருந்தது.

"சரி, ஒன்னே ஒன்னு வெட்டுறேன்" என்று உதட்டுக்கு முறை தப்பி ஒரு வாய்க்கால் இழுத்தது.

"இன்னும் வெளுப்பாத்தான் தெரியுது."

இன்னொன்று இழுத்தது.

"ஓரத்துல பாருங்க, அண்ணே. இன்னும் கொஞ்சம்."

இல்லை என்று சொல்லத் தெரியாத பூச்சி. அவள் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கக் கேட்க, கீழுதட்டின் ஓரத்தில் வாய்க்கால் மேல் வாய்க்காலாக வெட்டியது. ஒன்றுக்குள் ஒன்று போய், சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி ஆயிற்று. கடைசியில் முறைப்படி தலைமடையைத் திறந்தபோது அந்தச் சிக்குக்குள்ளும் இரத்தம் பாய்ந்தது. உதடு சிவந்தது. அங்காயி சுவரில் நெற்றியை வைத்து அழுதாள்.

பூச்சி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னது: "தாயி, கேட்டதுக்கு வெட்டிட்டேன். அந்த ஓரத்துல கொஞ்ச நாள்ல சிவப்பா ஒரு பொட்டு கிளம்பும். புது வாய்க்கால் பெருக்கெடுத்துத்தான் ஓடும். வளரும். பயப்படாதே. அப்புறம் ஓட்டம் குறைஞ்சு தானாத் தூர்ந்துபோகும். நானும் மழைக்கு மழை வந்து ஒவ்வொன்னா அடைக்கிறேன். அதுவரைக்கும் கிள்ளாதே, குத்தாதே, யாரையும் கை வைக்க விடாதே. அதையே பார்த்துக்கிட்டும் இருக்காதே. கோடையில என்னால வர முடியாது, ஞாபகம் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மண்ணுக்குள் இறங்கிற்று. சடையன் ஆட்டுக்குட்டியோடு திரும்பி வந்தபோது பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அங்காயி தான் ஓட்டை வழியே வரப்பில் நின்றதைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

சில நாள் உதடு ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் ஓரத்தில் கடுகளவு சிவப்பு.

"எறும்பு கடிச்சிருக்கும்" என்றாள் புருசனிடம்.

கடுகு மிளகாயிற்று. மிளகு குன்றிமணியாயிற்று. குன்றிமணிக்குக்கூட ஓர் இடத்தில் கறுப்பு உண்டு, இதற்கு அதுவும் இல்லை. முழுக்கச் சிவப்பு. தொட்டால் மெத்தென்று இருந்தது, அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பிற்று.

"என்ன எறும்பு இது, யானை எறும்பா?" என்றான் சடையன். அங்காயி முந்தானையைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. காலையில் பார்த்தால் சின்னதாகத் தெரியும், உச்சிப் பொழுதில் பெரிதாகத் தெரியும். பிள்ளை அழுதால் அது கருநீலமாய் விம்மும். அதனால் பிள்ளையை அழவிட அவளுக்குப் பயம். அழ வாயெடுக்கும் முன்பே தூக்கிவிடுவாள். பிள்ளை சிரித்தாலும் பயம், உதடு இழுபட்டு வெடித்துவிடுமோ என்று. களி கிண்டப் போவாள், பாதியில் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பாள். களி அடிப்பிடிக்கும். தண்ணீருக்குப் போவாள், பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பாள். குடம் காலியாக இருக்கும்.

வேலியில் உட்கார்ந்திருந்த காக்கா கேட்டது: "ஏ அங்காயி, பிள்ளைக்குக் கோவைப்பழம் ஊட்டுறியா? எனக்கும் ஒன்னு போடேன்."

"போடி கரிமூஞ்சி. உன் மூக்குல போடுறேன் கோவைப்பழம்."

காக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? நாலு வேலிக்கு அந்தச் செய்தி போயிற்று. வருகிறவள் எல்லாம் ஒரு வைத்தியம் கொண்டுவந்தாள். ஒருத்தி குதிரைவால் மயிரால் இறுக்கிக் கட்டச் சொன்னாள். ஒருத்தி சுண்ணாம்பு தடவச் சொன்னாள். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைப் பார்த்து "ச்சு" கொட்டிவிட்டுப் போனாள். அந்த "ச்சு"தான் அங்காயியை அதிகமாக அறுத்தது.

ஏரிக்கரைத் தவளை ஒன்றுதான் ஆறுதலாகப் பேசிற்று. "இதுக்கா இம்புட்டு ஒப்பாரி? என் முதுகைப் பாரு, அடுப்புல போட்ட அப்பளம் மாதிரி. எந்த வைத்தியன் வீட்டு வாசல்ல நான் போய் நின்னேன்?"

"உன் முதுகு உன் ஆத்தாளுக்கு அழகு. இது பொம்பளைப் பிள்ளை."

"நானும் பொம்பளைதான்டி" என்றது தவளை. கோபித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிற்று.

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஏரி வற்றியது. நடுவில் எருமை படுக்கிற அளவுக்குச் சேறு மட்டும் மிச்சம். தரை வெடித்தது. பிள்ளையின் உதட்டில் இருந்தது இப்போது அவரை விதை அளவு. பால் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது காம்பில் உரச, அங்காயி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூச்சி சொன்ன சொல் நினைவிருந்தது. ஆனால் பூச்சி மண்ணுக்குள். பயம் மண்ணுக்கு மேலே, மடியிலேயே படுத்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அட்டை வந்து சேர்ந்தது. ஏரி வற்றியதிலிருந்து குடிக்க ஒன்றும் கிடைக்காமல் நூலாய் இளைத்திருந்தது. தண்ணீர்ப் பானையின் நிழலில் நின்று, ரொம்ப மரியாதையாக, "அக்கா" என்றது.

"என்ன?"

"பிள்ளைக்கு உதட்டுல என்னமோன்னு காக்கா சொல்லுச்சு. மனசு கேட்கலை, வந்துட்டேன். அதுக்குள்ள இருக்கிறது என்ன, அக்கா?"

"இரத்தம்."

"கெட்ட இரத்தம். அதை எடுக்கன்னே பிறந்தவ யாரு? நான். உங்களுக்கு வலிக்கும், எனக்கு வலிக்கும், பிள்ளைக்கு வலிக்காது. பூ மாதிரி வாய் வைப்பேன். வத்தலாச் சுருங்கி உதிர்ந்துடும்."

"பூச்சியண்ணன் யாரையும் கை வைக்க விடாதேன்னு சொல்லியிருக்கார்."

"எனக்குக் கை ஏது, அக்கா?"

அங்காயி பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். அட்டை குரலை இறக்கியது. "கூலிகூட வேண்டாம். ஆனா ஒன்னு, இன்னும் விட்டுவச்சா வாயையே மூடிடும்னு பேசிக்கிறாங்க. மூடிட்டா பால் எப்படிக் குடிக்கும்? போன பிள்ளை மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான்."

கூலி கேட்காத வேலைக்காரனைக் கண்டால் கதவைச் சாத்த வேண்டும். அது அங்காயிக்கும் தெரியும். ஆனால் "போன பிள்ளை" என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. சடையன் காட்டில் இருந்தான். பிள்ளையை மடியில் கிடத்தி, தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம்" என்றாள்.

அட்டை வாய் வைத்தது. பிள்ளை முதலில் அழவில்லை. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிற்று. அவரை விதை குன்றிமணியாயிற்று, மிளகாயிற்று. அங்காயியின் மூச்சு திரும்பி வந்தது. நூலாய் இருந்த அட்டை கத்திரிக்காயாய் உப்பி, ஒரு ஏப்பம் விட்டு, கழன்று விழுந்தது.

கழன்ற இடத்தில் இரத்தம் முத்திட்டது. முத்து கோடாயிற்று. கோடு கன்னத்தில் இறங்கிக் காதுக்குள் ஓடிற்று.

"நிறுத்து. இதை நிறுத்து" என்றாள் அங்காயி.

"எனக்குத் திறக்கத்தான் தெரியும், அக்கா. மூடுறது வேற ஆளு வேலை" என்று சொல்லிக்கொண்டே அட்டை நகர்ந்தது. வயிற்றை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வெளியே போயிற்று.

சடையன் வந்தபோது அவள் சேலை முழுக்க இரத்தம். முந்தானையால் துடைப்பாள், பார்ப்பாள், துடைப்பாள், பார்ப்பாள். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் புதிதாகக் கிளம்பிற்று. பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"மாமா, நான்தான். அன்னைக்கு நான் வரப்புல நின்னேன். இன்னும் இன்னும்னு கேட்டேன். இப்ப அட்டையையும் விட்டேன்."

சடையன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "திட்டுறதை அப்புறம் திட்டுறேன். பூச்சி எங்கே?"

வீட்டில் ஈரமாக இருந்த ஒரே இடம் தண்ணீர்ப் பானைக்கு அடியில்தான். பானையைத் தூக்கி, இருந்த தண்ணீரையெல்லாம் அங்கே கொட்டினான். மண்ணில் காதை வைத்துக் கூப்பிட்டான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது.

"ஒரு பானைத் தண்ணிக்கு என் மீசைதான்யா நனையுது. மேலே வர முடியலை. என்ன ஆச்சு?"

சொன்னார்கள். மண்ணுக்கடியில் பூச்சி முட்டுகிற சத்தம் கேட்டது. சித்திரையில் முட்டிய அதே சத்தம்.

பிறகு சொன்னது: "அங்காயி, கேட்குதா? வரப்பு உடைஞ்சா என்ன செய்வீங்க? மண்ணைப் போட்டு மிதிச்சுக்கிட்டு அது மேலேயே நிப்பீங்களா, இல்லை அள்ளி அள்ளி உடைப்பு எம்புட்டு பெருசுன்னு பார்ப்பீங்களா?"

"மிதிச்சுக்கிட்டு நிப்போம்."

"சுத்தமான துணியை மடிச்சு அங்கே வை. கட்டை விரலால அழுத்து. மூச்சு முட்டாம மூக்கை விட்டுடு. பிள்ளையை நிமிர்த்திப் பிடி. நான் வர்ற வரைக்கும் எடுத்துப் பார்க்காதே. நின்னுச்சான்னு பார்க்கிற பார்வைதான் மறுபடி உடைக்குது. சடையா, நீ போய்த் தவளையை எழுப்பு. மழை வந்தாத்தான் நான் வர முடியும்."

சடையன் ஏரிக்கு ஓடினான்.

அங்காயி சலவைத் துணியை மடித்தாள், உதட்டில் வைத்து அழுத்தினாள். வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும். வெளியே வெயில் கொளுத்திற்று. விரலுக்கடியில் பிள்ளையின் நாடி அடிப்பது தெரிந்தது. அவள் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது. நின்றிருக்குமோ? ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் என்ன? ஓர் ஓரம்தானே. தூக்கினாள். சூடாக ஒரு கோடு மறுபடி இறங்கிற்று.

திரும்பத் துணியை வைத்து அழுத்தினாள். இந்தத் தடவை தன் கண்ணையே அவள் நம்பவில்லை. பிள்ளையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவருக்கு நேராய் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார வேண்டிய மாதிரி. ஓட்டை இருந்த இடத்தில் நெற்றியை வைத்து அடைத்துக்கொண்டாள். விரல் மரத்தது. பிள்ளையின் அழுகை தேய்ந்தது. தூங்குகிறதா, இல்லை போன பிள்ளை மாதிரியா? பார்க்கவில்லை. நாடி மட்டும் விரலடியில் அடித்துக்கொண்டிருந்தது. அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏரியில் சடையன் சேற்றைத் தோண்டித் தவளையை வெளியே எடுத்து, மழையைக் கூப்பிடச் சொன்னான்.

"பங்குனியில மழை கேட்கிறியா? மேகம் என்ன என் கொழுந்தனா, கூப்பிட்டதும் ஓடி வர?" என்றது தவளை, கண்ணைத் திறக்காமலே.

"அங்காயி பிள்ளை."

தவளை கண்ணைத் திறந்தது. "என் முதுகைப் பழிச்சாளே, அவளா?"

"அவளேதான்."

"அவளுக்காக இல்லை" என்று முணுமுணுத்துவிட்டு, தவளை சேற்றுக்குள் தலையை விட்டு ஒரு சத்தம் போட்டது. அக்காள் தங்கச்சி, ஒன்றுவிட்டது இரண்டுவிட்டது எல்லாம் வெடிப்புகளிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தன. அப்புறம் கத்தின பாருங்கள் ஒரு கத்தல், மேற்கே மலை மேல் படுத்திருந்த மேகத்துக்குக் காது வலித்தது. சும்மா இருக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தது. அவை கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, "இந்தாங்க, குடிச்சுத் தொலையுங்க" என்று கொட்டிவிட்டுப் போயிற்று.

மழை கூரையில் விழுந்த சத்தம் அங்காயிக்குக் கேட்டது. அவள் அப்போதும் திரும்பவில்லை. காலில் ஏதோ ஊர்ந்தது. முழங்கை மேல் ஏறி, கட்டை விரல் ஓரமாய் வந்து நின்றது.

"விரலை மெதுவா எடு, தாயி. மீதி என் பாடு. நீ சுவரையே பாரு."

எடுத்தாள். சுவரைப் பார்த்தாள்.

இரத்தம் பெருமளவு நின்றிருந்தது. ஒரு வாய்க்கால் மட்டும் வாய் பிளந்து கசிந்துகொண்டிருந்தது. மண் அள்ளிவந்து அடைக்க நேரமில்லை. பூச்சி உமி மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தானே அந்த உடைப்பில் குப்புறப் படுத்தது. எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு, மழை ஓயும் வரை அசையாமல் கிடந்தது.

"ஆச்சு" என்ற குரல் கேட்டு அங்காயி திரும்பினாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரத்தில் மிளகளவு சிவப்பு. அதன் பக்கத்தில் இன்னொரு சிவப்பு, கால் முளைத்து நின்றது.

"அண்ணே, உங்க மேலெல்லாம்…"

பூச்சி தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. மழைத் தண்ணீரில் போய்ப் புரண்டது, மண்ணில் தேய்த்தது. போகவில்லை. பஞ்சில் சாயம் ஏறியது போல ஒவ்வொரு மயிரிலும் ஏறிவிட்டது. சிவப்பைக் கண்ட காக்கா, கோவைப்பழமென்று கொத்திப் பார்த்தது. வேப்பங்காயைக் கடித்த மாதிரி துப்பிவிட்டு, மூக்கைத் துடைக்க ஓடிற்று.

"என்னாலதானே, அண்ணே?" என்றாள் அங்காயி.

"கேட்டது நீ. இல்லைன்னு சொல்லத் தெரியாதது நான். பங்கு போட்டுக்குவோம்" என்றது பூச்சி. "இனிமே கேளு. இது மறுபடி கொஞ்சம் பெருக்கும். பிள்ளை நடக்கும்போது சாம்பல் பூத்து வாடும். பால் பல் விழும் முன்னாடி இடம் தெரியாமப் போயிடும். ஊருல வேற பிள்ளைக்கு வந்தாலும் இதையே சொல்லு. கண்ணை மறைக்கிற மாதிரி வந்தாலும், மூச்சுக்கு இடைஞ்சல் பண்ணினாலும், புண்ணாகி ஒழுகினாலும் மட்டும் சும்மா இருக்காதே. விவரம் தெரிஞ்சவங்ககிட்ட தூக்கிட்டு ஓடு. அட்டைகிட்ட ஓடாதே."

அங்காயி தலையை ஆட்டினாள்.

"இன்னொன்னு. இனிமே பிறந்த பிறகு வாய்க்கால் வெட்டுற வேலையே கிடையாது. வயித்துக்குள்ள இருக்கும்போதே வெட்டி முடிச்சுடப் போறேன். அங்கே நிக்க வரப்பும் இல்லை, எட்டிப் பார்க்க ஓட்டையும் இல்லை. கோடையும் ஒன்னுதான், மழையும் ஒன்னுதான்."

அப்படியே செய்தது. ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? இருட்டில் வேலை செய்யும்போது, யாரும் கேட்காமலே, அங்காயியின் குரல் காதில் விழுந்த மாதிரி இருக்கும். "இன்னும் கொஞ்சம், அண்ணே." எங்கோ ஓரிடத்தில் ஒரு வாய்க்கால் கூடுதலாக விழுந்துவிடும். பெற்றவள் மேல் குற்றமில்லை. அது பூச்சியின் கைப்பழக்கம்.

அங்காயியின் பெண் நடந்தாள், ஓடினாள், தவளையைத் துரத்தினாள். களி அடிப்பிடிப்பது நின்றது, குடம் நிரம்பி வந்தது. ஒருநாள் பிள்ளைக்குப் பல் ஆடுகிறதென்று சடையன் வாயைத் திறந்து பார்த்தான்.

"ஏ புள்ள, அந்தச் சிவப்பு எங்கே?"

அங்காயி அடுப்படியிலிருந்து வந்து குனிந்து பார்த்தாள். துவைத்த சேலையின் ஓரம் போலத் துளி சுருக்கம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. எந்த மாதத்தில் போயிற்று, எந்த மழையில் போயிற்று, அவளுக்குத் தெரியவில்லை. அவள்தான் பார்ப்பதை விட்டுவிட்டாளே.

அன்று முதல்தான் சில பிள்ளைகளுக்குப் பிறந்த கொஞ்ச நாளில் சிவப்புப் பொட்டு எழும்பி, வளர்ந்து, தானாக மறைகிறது. அன்று முதல்தான் தம்பலப்பூச்சி சிவப்பாக இருக்கிறது, கோடையில் கண்ணில் படாமல் மழைக்கு மட்டும் வருகிறது. பிள்ளைத்தாய்ச்சி சிலருக்கு ஈறில் சிவப்பாய்ப் புடைத்துப் பிரசவத்துக்குப் பின் அடங்குகிறதே, அது பூச்சி இருட்டில் பிள்ளை வீடு எதுவென்று தெரியாமல் தாயின் வாயில் மண்வெட்டி வைத்துப் பார்த்த இடம். வயசானவர்கள் நெஞ்சிலும் முதுகிலும் குத்திக் குத்திச் சிவப்புப் புள்ளி வருகிறதே, அது பழைய வாய்க்காலெல்லாம் சரியாக ஓடுகிறதா என்று அது வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போன அடையாளம். என் முதுகிலும் நிறைய இருக்கிறது. சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள், குளிர்கிறது.

ஒன்று மட்டும். இதையெல்லாம் யார் சொன்னது என்று எவராவது கேட்டால், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள், என் பேரை எடுக்காதீர்கள். ஏரியில் அந்த அட்டையின் வம்சம் இன்னும் இருக்கிறது, நான் நாளைக்கு அங்கே குளிக்கப் போக வேண்டும்.